பேக்கிங் நைனாவும் பெயரில்லாத பெட்டியும்

குழந்தைப் பாட்டை மாடிப்படியிலிருந்து தள்ளிவிட்டுச் சோதித்துப் பார்த்த கவிஞர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் ராயபுரத்தில், எங்கள் காம்பவுண்டில், எங்களுக்கு எதிர் போர்ஷனில் குடியிருந்தார்.

பாட்டை எப்படித் தள்ளிவிட முடியும் என்று நீங்கள் கேட்கலாம். முடியாதுதான். அதனால் அதைச் சொல்லும் குழந்தையைக் குதிக்கச் சொல்வார். அந்தக் குழந்தை என் மகள் மெர்சி. ஆகவே இந்தக் கட்டுரையை நான் நிதானமாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம். நடந்து முடிந்து மாதங்கள் ஆகியும் கைப்பிடியை விடாமல்தான் நான் அந்த மாடிப்படியில் இறங்குகிறேன்.

அவரைத் தெருவே பேக்கிங் நைனா என்றுதான் கூப்பிடும். திருவொற்றியூரில் ஒரு பேக்கிங் ஷெட்டில் வேலை. கப்பலில் ஏறப்போகும் இயந்திரங்களுக்குப் பைன் மரத்தில் பெட்டி அடிப்பார். வயது ஐம்பத்தைந்து இருக்கும். காதில் பென்சில், வாயில் நாலு ஆணி. பேச வேண்டுமென்றால் ஆணிகளை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டுப் பேசுவார். அவரோடு பேசும்போதெல்லாம், எந்த நேரம் ஆணியை விழுங்குவாரோ என்று பாதிப் பேச்சு என் காதில் ஏறாது. ஒருமுறைகூட அவர் விழுங்கியதில்லை. அது எனக்கு எந்த ஆறுதலையும் தரவில்லை.

அவர் கவிஞரானது பஜ்ஜி மடித்து வந்த காகிதத்தால். எண்ணெய் ஊறிய அந்தத் தாளில் ஒரு சிறுவர் இதழின் அறிவிப்பு இருந்தது. 'சிறுவர் பாடல்கள் வரவேற்கப்படுகின்றன. கைப்பட எழுதி அனுப்பவும்.' அதை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"மெர்சிம்மா, இத்த பாரு. வரவேற்கிறானாம்."

"சரி நைனா."

"இன்னா சரி? ஒருத்தன் வரவேற்கிறான்னா போய்த்தான ஆவணும்? மருவாதி இல்ல?"

மரியாதைக்காகவே போனார். தண்ணீர் சேமிப்பு பற்றிப் பன்னிரண்டு வரி எழுதினார். கைப்பட எழுதச் சொன்னதால் கைக்குப் பழகியதில் எழுதினார். அதாவது, மூன்றடி நீளப் பைன் பலகையில், பெட்டிக்கு எழுதும் தார் மையில், பட்டைத் தூரிகையால். மேலே ஓர் அம்புக்குறி போட்டு 'இந்தப் பக்கம் மேலே' என்று எழுதினார். பக்கவாட்டில் 'ஈரம் படக்கூடாது'. தண்ணீரைப் பற்றிய பாட்டுக்கு இது நியாயமான எச்சரிக்கைதான். பின்பக்கம் மொத்த எடை. இதை லாரி பார்சலில் போட்டுவிட்டார்.

ஒரு மாதம் கழித்து இதழிலிருந்து ஒரு கார்டு வந்தது. 'தங்கள் படைப்பு எங்கள் பக்க அளவுக்குப் பொருந்தவில்லை.'

"பக்க அளவு இன்னான்னு மொதல்லயே சொல்லியிருந்தா அறுத்து அனுப்பியிருப்பேன்ல," என்றார் நைனா.

நான் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் வேலை பார்க்கிறேன். எனக்குத் தமிழ் டைப்பிங் தெரியும் என்ற விஷயம் அந்தச் சமயத்தில் எப்படியோ கசிந்துவிட்டது. அடுத்த வாரமே நைனா ஒரு கட்டு மரச்சட்டங்களோடு வந்தார். ஒவ்வொரு சட்டத்திலும் ஒரு பாட்டு. மரச்சட்டத்தைப் பார்த்து டைப் அடித்த ஆள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். கீபோர்டுக்கு மேல் ஒரு பலகையைச் சாய்த்து வைத்துக்கொண்டு, சிலாம்பு கையில் ஏறிவிடுமோ, அது செப்டிக் ஆகிவிடுமோ என்று பயந்து பயந்து அடித்தேன்.

அந்த நாள்களில் அவருடைய பாட்டுகள் கொஞ்சம் பயங்கரமானவை. இதழை விட்டுவிட்டுச் சிறுவர் பாடல் போட்டிகளுக்கு அனுப்ப ஆரம்பித்திருந்தார், அந்த அறிவிப்புகளில் 'அறக்கருத்து அவசியம்' என்று போட்டுவிடுகிறார்கள். அதைப் படித்துவிட்டு நைனா எங்கிருந்தோ கடினமான தமிழைப் பிடித்துக்கொண்டு வந்து அடுக்குவார். 'ஆழிசூழ் அவனியிலே அறநெறியே அணிகலனாம்' என்று ஒன்று. ராயபுரத்தில் ஒரு குழந்தையும் இதைச் சொல்லாது என்றேன்.

"சொல்லுமா, சொல்லாதான்னு டெஸ்டு பண்ணிட்டா போச்சு," என்றார்.

அப்படித்தான் அந்தச் சோதனை வந்தது. புது அளவில் ஒரு பெட்டி அடித்தால், அதில் சரக்கை வைத்துக் கொஞ்ச உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்ப்பது அவர்கள் ஷெட்டில் வழக்கம். எங்கே விரிசல் விடுகிறதோ அங்கே பலவீனம். கப்பலும் கிரேனும் பெட்டியைத் தாலாட்டிக்கொண்டு போகப்போவதில்லை, அதனால் நாமே முதலில் போட்டுப் பார்த்துவிட வேண்டும் என்பது தொழில் தர்மம். அதையே பாட்டுக்கும் வைத்தார்.

எங்கள் மாடிப்படியின் மூன்றாவது படியில் மெர்சியை நிறுத்துவார். அவளுக்கு அப்போது ஏழு வயது. இரண்டு தடவை பாட்டைச் சொல்லிக்கொடுப்பார். பிறகு அவள் குதித்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஒரு குதிக்கு ஒரு வரி. தரையில் கால் பட்ட அதிர்ச்சியில் எந்த வரி மறந்துபோகிறதோ அந்த வரி விரிசல். உடனே பென்சிலை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிடுவார்.

மெர்சி முதல் குதி குதித்தாள். "ஆழிசூழ்... அவ... அவனி... அம்மா, பசிக்குது!"

நைனா பலகை முழுவதையும் அடித்தார். "மொத்த பொட்டியும் பூட்ச்சு," என்று சொல்லிவிட்டு அதை விறகுக்குக் கொடுத்துவிட்டார்.

நான் தலையணையைக் கொண்டுவந்து தரையில் போட்டேன். தலையணை போட்டால் சோதனை செல்லாது என்று எடுத்துவிட்டார். நான் மறுபடி போட்டேன். கடைசியில் ஒரு கோணிப்பை வரைக்கும் இறங்கி வந்தார். கோணிப்பையில் கால் வழுக்குமே என்ற கவலை அதற்குப் பிறகுதான் எனக்கு வந்தது.

ஒருநாள் குதியின் நடுவே ஏற்கனவே ஆடிக்கொண்டிருந்த மெர்சியின் பால் பல் தெறித்து விழுந்தது. நான் போட்ட கூச்சலில் காம்பவுண்டே கூடிவிட்டது. மெர்சி மட்டும் வாயில் ரத்தத்தோடு கடைசி வரியைப் பிசகாமல் சொல்லி முடித்தாள். நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"பல்லு பூட்ச்சு, வரி நின்னுச்சு பாரு மெர்சிம்மா! இதான் பாட்டு!"

அப்படி நின்ற பாட்டு இது:

நண்டுக்கு எட்டுக் காலுங்க
நாலு ஜோடி ஷூவுங்க
ஒண்ணு தொலைஞ்சு போச்சுங்க
நொண்டி நொண்டி நடக்குதுங்க

இதில் அறக்கருத்து எங்கே என்று கேட்டேன். "ஷூவ தொலைக்காதன்றதுதான்," என்றார்.

பள்ளியிலிருந்து போன் வந்தது அதற்கடுத்த வாரம். பள்ளியிலிருந்து போன் வந்தால் நான் முதலில் செருப்பை மாட்டிக்கொள்வேன், பிறகுதான் ஹலோ சொல்வேன். மெர்சியின் டீச்சர் பேசினார்.

"உங்க பொண்ணு பாட்டு ஒப்பிக்கிற போட்டியில பெஞ்சு மேல ஏறிக் குதிச்சாம்மா."

"ஐயோ, அடிபட்டுடுச்சா மிஸ்?"

"அவளுக்கு ஒண்ணுமில்ல. மத்த முப்பத்தெட்டு பேரும் இப்ப பெஞ்சு மேல நிக்கறாங்க. நீங்க கொஞ்சம் வாங்க."

போனேன். மன்னிப்புக் கேட்டேன். திரும்பி வந்து நைனாவைத் திட்டுவதற்கு ஆட்டோவில் வாக்கியங்களையெல்லாம் தயார் செய்துகொண்டேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுவிட்டுக் கேட்ட ஒரே கேள்வி, "முப்பத்தெட்டு பேரா? வரி எதுனா வியுந்துச்சா?"

இதற்கிடையில் போட்டிகள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தன. பாட்டுகள் தேறிவிட்டன. நைனாதான் தேறவில்லை. எல்லாப் போட்டிகளிலும் ஒரு விதி உண்டு. நடுவர்கள் பாரபட்சம் பார்த்துவிடக் கூடாது என்பதற்காகப் பிரதியில் எழுதியவரின் பெயர் இருக்கக் கூடாது. நைனாவுக்கோ முப்பது வருடப் பழக்கம். பெட்டி என்றால் அனுப்புகிறவர் பெயர் நாலு பக்கமும் இருந்தாக வேண்டும். நான் சுத்தமாக டைப் அடித்துக் கொடுத்த தாளை வீட்டுக்கு எடுத்துப் போய், மேலே, கீழே, இடம், வலம் என்று நாலு ஓரத்திலும் 'அனுப்புநர்: பேக்கிங் நைனா, ராயபுரம்' என்று எழுதித் தபாலில் போட்டுவிடுவார். மூன்று போட்டிகளில் இப்படியே தள்ளுபடி. மூன்றாவது போட்டிக்காரர்கள் பொறுமையாக போன் செய்தே சொன்னார்கள்.

"ஐயா, உங்க மூணு பக்கப் படைப்புல பன்னெண்டு இடத்துல பேர் இருக்கு."

"கரீட்டுதான சார், பக்கத்துக்கு நாலு," என்றார் நைனா, கணக்குத் தப்பவில்லை என்ற திருப்தியோடு.

அப்போதுதான் அந்தப் பெரிய போட்டி வந்தது. ஒரு சிறுவர் நூல் பதிப்பகம் அறிவித்திருந்தது. ஐந்து முதல் எட்டு வயதுக் குழந்தைகளுக்கு இருபது பாடல்கள் கொண்ட தொகுப்பு. முதல் பரிசு பெறும் தொகுப்பைப் படங்களோடு புத்தகமாகவே போடுவார்கள். நைனா அறிவிப்பை மூன்று தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை ஆணிகளைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பொஸ்தகமாவா? பொஸ்தகம்னா வூட்ல வெச்சிப்பாங்க, இல்ல?"

"ஆமா நைனா."

"முப்பது வருசமா பொட்டி அடிக்கிறன் மெர்சிம்மா. அல்லாம் ஷோக்கா கப்பல் ஏறி போவுது. அங்க போனதும் இன்னா பண்ணுவான்? கடப்பாரைய வுட்டு ஒட்ச்சி, உள்ள கீற மிசினை எடுத்துகினு, பொட்டிய அடுப்புல போட்டுடுவான். நான் செஞ்சதுல ஒண்ணே ஒண்ணு ஒருத்தர் வூட்ல தங்கணும். அவ்ளோதான்."

இதைச் சொல்லிவிட்டு ஆணிகளை மறுபடி வாயில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இந்த முறை விதியில் ஒரு புள்ளிகூடப் பிசகக் கூடாது என்று நான் முடிவு செய்தேன். கவலைப்படுவதில் எனக்கு இருக்கும் திறமையெல்லாம் அதற்குள் போனது.

முதல் கவலை, 'ஏற்கனவே பிரசுரமாகாத படைப்பு' என்ற விதி. எங்கேயாவது வெளிவந்திருக்கிறதா என்று கேட்டேன்.

"ஜெர்மனிக்கு ஏழு போச்சு," என்றார் சாதாரணமாக.

"என்னது?"

"பொட்டி மூடிக்கு உள் பக்கம் எய்திடுவேன். பிரிக்கறவன் பாத்து சந்தோசப்படட்டும்னு. கொரியாவுக்கு ரெண்டு."

ஒன்பது பாட்டுகள் வெளிநாட்டில் வெளியாகிவிட்டன. பெயர் சொல்லாமல் பதிப்பகத்துக்கு போன் செய்து, ஒரு பாட்டு மரப்பெட்டியின் மூடிக்குள் எழுதப்பட்டு ஏற்றுமதியாகியிருந்தால் அது பிரசுரமா என்று கேட்டேன். எதிர்முனையில் கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்கள். பிறகு ஒரு குரல், "இல்லைங்க, அது நூலாகாதுங்க," என்று மிக மென்மையாகச் சொன்னது. எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்தது அந்தப் பெயர் விதி. அதை உரக்கப் படித்தேன். "பிரதியிலோ உறையின் மேலோ பெயர், முகவரி, அடையாளக் குறி எதுவும் இருக்கக் கூடாது. பெயரைத் தனியாக எழுதி, மூடி முத்திரையிட்டு அனுப்ப வேண்டும். பரிசு பெறுவோரின் உறைகள் விழா மேடையில் பிரிக்கப்படும்."

"பேரு போடாத பொட்டி எங்க போய் சேரும் தெர்மா உனக்கு?"

"எங்க?"

"எங்கயும் சேராது. ஹார்பர்ல ஒரு மூலைல கெடக்கும். எலி குடும்பம் நடத்தும்."

"நைனா, இந்தத் தடவை நான் சொல்றத கேளுங்க. ஒரு எழுத்து வெளியே தெரியக் கூடாது."

கேட்டார். ஆனால் 'மூடி முத்திரையிட்டு' என்ற இரண்டு சொற்கள் அவர் மனத்தில் போய் உட்கார்ந்துவிட்டன. மறுநாள் செங்கல் அளவில் ஒரு பைன் மரப் பெட்டியைக் கொண்டுவந்து காட்டினார். ஆறு பக்கமும் இழைத்து, மூலையெல்லாம் ஆணி அடித்து, பக்கவாட்டில் சுற்றிலும் இரும்புப் பட்டை. பெயர்த் தாள் அதற்குள் இருக்கிறதாம்.

"கவர்ல வெச்சா போதுமே நைனா!"

"கவரு தண்ணி பட்டா கலீஜாயிடும். இது கடல்லயே வியுந்தாலும் பேரு நனையாது. சரி, ஒரே ஒரு அம்பு மட்டும் போட்டுக்கறனே. எது மேல் பக்கம்னு தெர்யணும்ல?"

"வேணாம்."

"சின்னதா."

"அம்பு அடையாளக் குறி, நைனா. மூணு போட்டி போயாச்சு. ஒரு புள்ளி கூட வேணாம்."

அவர் பெட்டியைத் தடவிக்கொண்டே எழுந்து போனார். அம்பு போடவில்லை. நான் சொன்னதை அவர் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒரே தடவைதான்.

மூன்று மாதம் கழித்து எல்லாப் போட்டியாளர்களுக்கும் விழா அழைப்பிதழ் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நைனா வெள்ளைச் சட்டையில் வந்தார். வாயில் ஆணி இல்லை. ஆணி இல்லாத அவர் முகம் எனக்கு யாரோ போலிருந்தது. மெர்சியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தோம்.

மேடையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் சிறப்பு விருந்தினர். மூன்றாம் பரிசுக்குரிய உறையை எடுத்து ஒரே இழுப்பில் கிழித்தார். நைனா முகத்தைச் சுளித்தார். "இதெல்லாம் ஒரு பேக்கிங்கா?" இரண்டாம் பரிசின் உறையில் பசைகூட ஒட்டவில்லை. அதைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டார்.

முதல் பரிசுக்கு முன்னால் பதிப்பகத்துக்காரர் மைக்கைப் பிடித்தார். நடுவர்கள் மூவரும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்த தொகுப்பு என்றார். அதிலிருந்து ஒரு பாட்டு என்று வாசித்தார்.

பூனைக்குட்டி சளி பிடிச்சு
புஸ்ஸு புஸ்ஸுன்னு தும்முச்சு
மீன்காரம்மா கூடையிலே
மூணு மீனு பறந்துச்சு

மெர்சி உடனே நாற்காலி மேல் ஏறித் தொப்பென்று குதித்தாள். எனக்கு உயிர் போய் வந்தது. நைனா அசையவில்லை. கை இரண்டையும் முழங்காலில் ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டில் வைத்துப் பெட்டியைக் கொண்டுவந்தார்கள். மேலே பதிவு எண் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்த கணமே நைனா என் பக்கம் சாய்ந்தார்.

"மெர்சிம்மா, சீட்ட அடிப்பக்கத்துல ஒட்டி வெச்சிகிறான்."

"அப்படின்னா?"

"தலகீயா கீது. அடிப்பலகைய எவனாலயும் தொறக்க முடியாது. நான் அட்ச்சது."

தலைமையாசிரியை முதலில் கத்தரிக்கோலால் முயன்றார். கத்தரிக்கோல் வளைந்தது. பதிப்பகத்துக்காரர் ஸ்கூட்டர் சாவியை விட்டு நெம்பினார். இனி அவர் ஸ்கூட்டர் கிளம்பாது. மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூடிரைவரோடு ஏறினார். வாட்ச்மேன் வெளியே போய் இளநீர்க்காரரை அரிவாளோடு அழைத்து வந்தார். மேடையில் அரிவாள் ஏறியதும் முன்வரிசைக்காரர்கள் பின்வரிசைக்கு மாறினார்கள். நாலு பேர் சுற்றி நின்று தட்ட, அந்தச் செங்கல் அளவுப் பெட்டி சும்மா இருந்தது.

நைனாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒவ்வொரு அடிக்கும் பெட்டிக்காரர் மலர்ந்தார். ஒவ்வொரு அடிக்கும் கவிஞர் வாடினார்.

"போய்ச் சொல்லுங்க நைனா!"

"மாட்டேன். வாய தொறந்தா நான்தான்னு தெர்ஞ்சிடும். மூணு தபா ரூல்ஸால பூட்ச்சு. நாலாவது தபா நான் வாய தொறக்க மாட்டேன்."

பதிப்பகத்துக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மைக்கிடம் வந்தார். "மன்னிக்கணும். மண்டபத்தை இப்ப காலி பண்ணிக் கொடுக்கணும். பெயர் தெரியாத தொகுப்புக்கு விதிப்படி பரிசு அறிவிக்க முடியாது. அதனால அடுத்த இடத்தில் இருக்கிற தொகுப்பையே..."

நைனா சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். "வுடு மெர்சிம்மா," என்றார் மெதுவாக. "வா, பஸ்ஸ புடிப்போம்."

நான் ஆபீசில் பத்துப் பேர் முன்னால் பேச வேண்டுமென்றாலே லீவு போடுகிறவள். வேண்டாம், வேண்டாம் என்று அந்த அம்பைத் தடுத்தவளும் நான்தான். எப்படி எழுந்தேன், எப்படி நாற்காலி சாய்ந்தது என்று தெரியாது. மண்டபம் அதிர ஒரு பெண் கத்துவது கேட்டது. அது என் குரல்.

"அது அடிப்பக்கம்! திருப்புங்க! தயவுசெஞ்சு திருப்புங்க!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின. இளநீர்க்காரர் அரிவாளோடு திரும்பினார். பதிப்பகத்துக்காரர் சந்தேகமாகக் கேட்டார், "உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"நான் ஒண்ணும் எழுதலைங்க! நான் டைப்புதான் அடிச்சேன்!"

"போச்சு," என்றார் நைனா பக்கத்தில்.

தலைமையாசிரியை மைக்கை வாங்கினார். "பயப்படாதீங்கம்மா. தேர்வு முடிஞ்சாச்சு. இனிமே யாருன்னு தெரிஞ்சா ஒரு தப்பும் இல்ல. இந்தப் பெட்டியைச் செஞ்சவர் எங்க? அவர் கொஞ்சம் மேல வந்தா எங்க எல்லாருக்கும் நல்லது."

நைனா எழுந்து போனார். பெட்டியைத் திருப்பினார். கட்டை விரலால் ஒரு மூலையை அழுத்தி, ஒரு சின்ன மர ஆப்பை இரண்டு விரலால் உருவினார். மூடி ஒரு தீப்பெட்டி போல நகர்ந்து திறந்தது.

"இவ்வளவுதானா!" என்றார் தலைமையாசிரியை.

"இவ்ளோதாம்மா. மேல் பக்கம் தெர்ஞ்சா கொயந்த கூட தொறக்கும்."

உள்ளே தார்க் காகிதம், அதற்குள் பிளாஸ்டிக், அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் நாலாக மடித்த தாள். தலைமையாசிரியை பிரித்து ஒரு பெயரை வாசித்தார். கைதட்டல் எழுந்தது. "யாரும்மா அது?" என்று கேட்டாள் மெர்சி. எனக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடம் எதிர் போர்ஷனில் இருந்தவரின் பெயரை அன்றுதான் முதல்முதலாகக் கேட்டேன். ஒரு நொடி நைனாவே யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அந்தப் பெயர் புத்தக அட்டையில் இருக்கிறது. எனக்கு அது இன்னும் வாயில் வரவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை.

பஸ்ஸில் வரும்போது மன்னிப்புக் கேட்டேன். "ஒரு அம்பு போட விட்டிருக்கலாம் நைனா. என் தப்புதான்."

"அத்த வுடு. ஆனா ஒண்ணு, அருவா வெச்சி அட்ச்சும் தாங்குச்சு பாத்தியா?" என்றார். ராயபுரம் வரும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். பரிசைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்கும்போது மட்டும், "பொஸ்தகம் நெஜமாவே போடுவாங்கல்ல?" என்று கேட்டார்.

போட்டார்கள். அழகான படங்களோடு. அந்த நண்டு காலுக்கு ஒரு நிறத்தில் ஷூ போட்டிருக்கிறது, எட்டுக்கு ஏழுதான் இருக்கிறது. நைனா முதல் பிரதியை எந்தப் பையிலும் போடாமல், வெறுங்கையில் பிடித்துக்கொண்டு வந்து மெர்சியிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு ஷெட்டை அத்திப்பட்டுப் பக்கம் மாற்றிவிட்டார்கள், அவரும் அங்கேயே வீடு பார்த்துப் போய்விட்டார். எதிர் போர்ஷனில் இப்போது ஒரு வங்கி ஊழியர். வாயில் எதுவும் வைத்துக்கொள்ளாத மனிதர்.

போன ஞாயிறு நைனா ரயிலேறி வந்திருந்தார். வந்ததும் வராததுமாக, "பொஸ்தகம் எங்க?" என்றார். தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தேன். முதல் பக்கத்தில் மீன் குழம்புக் கறை. பூனைக்கு மெர்சி பேனாவால் மீசை வரைந்திருந்தாள். நண்டுப் பக்கம் பாதி கிழிந்து தொங்கியது.

"மன்னிச்சுடுங்க நைனா. தினமும் எடுக்கிறா. சொன்னா கேக்கறதில்ல."

"தெனமுமா?"

"தினமும்."

அவர் அந்தக் கிழிசலை விரலால் நீவிப் பார்த்தார். முப்பது வருடம் எதற்கும் ஒரு கீறல் விழக் கூடாது என்று பெட்டி அடித்தவர், குழம்புக் கறையை மோந்து பார்த்தார். "வஞ்சிரமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். முகமெல்லாம் சிரிப்பாக, புத்தகத்தை மெர்சி கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

நான் ரேஷன் கார்டுக்கும் அட்டை போடுகிறவள். காலண்டருக்குக்கூடப் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அட்டை போடாமல் கிடக்கும் ஒரே புத்தகம் அதுதான்.